குடியம் குகை: சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கற்கால மலை இடுக்கு... எப்படி போறது? எதைத் தொடக் கூடாது?

வார விடுமுறைக்கு ஒரு நாள் டிரிப் என்றாலே சென்னைவாசிகளுக்கு மாமல்லபுரம், புதுச்சேரி, ஏலகிரி என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கும். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் என்றால் தடா அருவி, பழவேற்காடு. இந்தப் பட்டியலில் அதிகம் பேர் சேர்க்காத ஒரு இடம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் குடியம்.

முள்காட்டுக்குள் நடந்து போனால், இரண்டு பக்கமும் சிவந்த பாறை எழும்பி நிற்கும் ஒரு மலை இடுக்கு. அதன் சுவரைக் குடைந்தது போல பெரிய பெரிய பாறை ஒதுங்கிடங்கள். கற்கால மனிதர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிய இடம் இது. கற்கால ஆய்வு படிக்கிறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு ஆற்றுப்படுகையின் ஓரத்தில் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து பைக்கில் கிளம்பினாலே காலைக்குள் போய்ச் சேரலாம்.

ஆனா, இது நுழைவாயில், டிக்கெட் கவுண்டர், கேன்டீன் எல்லாம் இருக்கும் பூங்கா இல்லை. விதிமுறை தெரியாமல் போனால் உங்களுக்கும் ஆபத்து, அந்த இடத்துக்கும் ஆபத்து. குடியம் ஏன் முக்கியம், எப்படி போறது, எப்போ போகக் கூடாது, அங்கே கிடக்கும் கல்லை ஏன் எடுக்கக் கூடாது... எல்லாவற்றையும் இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

குடியம் எங்கே இருக்கிறது?

திருவள்ளூர் மாவட்டம், ஊத்துக்கோட்டை வட்டத்தில் பூண்டி ஏரிக்கு அருகே உள்ள சிறிய கிராமம் குடியம். சென்னையிலிருந்து சாலை வழியாக சுமார் 60 முதல் 70 கிலோமீட்டர். கிராமத்தைத் தாண்டினால் அல்லிக்குழி மலைத்தொடர் தொடங்குகிறது. மலை என்றதும் ஏற்காடு, கொல்லிமலை அளவுக்குக் கற்பனை செய்ய வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 முதல் 380 மீட்டர் உயரமுள்ள குன்றுகள்தான். சமவெளியையே பார்த்துப் பழகிய திருவள்ளூர் மாவட்டத்தில் இதுவே பெரிய மாற்றம்.

கிராமத்திலிருந்து காட்டுப்பாதையில் சுமார் 3 முதல் 4 கிலோமீட்டர் நடந்தால் குகைப் பகுதி வரும். இந்த மலைப்பகுதியில் 16 பாறை ஒதுங்கிடங்கள் வரை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பொதுவாக மக்கள் பார்க்கப் போவது அவற்றில் பெரிய ஒன்றிரண்டை மட்டும்தான்.

குகை என்றால் உள்ளே போகும் சுரங்கமா?

இல்லை. 'குடியம் குகை' என்ற பெயரைக் கேட்டு டார்ச் லைட்டோடு போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். போரா குகை மாதிரி பூமிக்குள் இறங்கிப் போகும் குகை இது கிடையாது. பாறைச் சுவரின் கீழ்ப்பகுதி அரிக்கப்பட்டு, மேல்பகுதி தாழ்வாரம் போல முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் கீழே நின்றால் வெயில் படாது, மழை படாது. இப்படிப்பட்ட இடங்களைத்தான் தொல்லியலாளர்கள் 'பாறை ஒதுங்கிடம்' என்கிறார்கள்.

பெரிய ஒதுங்கிடத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அதன் அளவு புரியும். அங்கே உள்ளூர் மக்கள் வழிபடும் அம்மன் சன்னதியும் இருக்கிறது. அதனால் அது சுற்றுலா இடம் மட்டும் இல்லை, பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கோயிலும்தான். செருப்போடு சன்னதி மேல் ஏறுவது, அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இலையைப் போட்டுவிட்டு வருவது இரண்டும் வேண்டாம்.

இந்த மலை இடுக்கு எப்படி உருவானது?

இந்தியாவில் 'கேன்யன்' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆந்திராவின் கண்டிக்கோட்டா. பெண்ணாறு கடினமான பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் இடம் அது. குடியம் அந்த அளவுக்குப் பெரியது இல்லை. ஆனா இரண்டுக்கும் ஒரு உறவு இருக்கிறது.

குடியத்தின் பாறைச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரே கல்லாக இருக்காது. ஜல்லி போட்ட கான்கிரீட்டை உடைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி உருண்டையான கற்கள் சிவந்த மண்ணும் மணலும் இறுகிய கலவையில் பதிந்திருக்கும். சில கற்கள் எலுமிச்சை அளவு, சில தேங்காய் அளவு, சில அதைவிடப் பெரியவை. பல கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், மேற்கே இருந்த பழைய மலைகளிலிருந்து வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்த கற்கள் இவை. உருண்டு வந்ததால்தான் முனை மழுங்கி வழவழப்பாக இருக்கின்றன. பிறகு அவை ஒன்றாக இறுகிப் பாறையானது. புவியியலில் இதற்கு 'காங்லோமரேட்' என்று பெயர். தமிழில் திரள்பாறை எனலாம்.

இந்த உருண்டைக் கற்களில் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்ற மிகக் கடினமான கல். நகரி மலைகளில் காணப்படுவதும் குவார்ட்சைட்தான். கண்டிக்கோட்டாவின் பாறையும் அதே கடப்பா பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் கற்கள்தான் ஆற்றில் உருண்டு வந்து குடியத்தின் சுவராகியிருக்கின்றன.

கற்களைப் பிடித்து வைத்திருக்கும் கலவை, கற்களை விடச் சீக்கிரம் கரையும். மழைநீர் ஓடி ஓடி, கீழ்ப்பகுதி அரித்து, கற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஒதுங்கிடங்கள் உருவாயின. உதிர்ந்த கற்கள் ஓடைகள் வழியாகக் கீழே போய்ச் சேர்ந்தன. கற்கால மனிதர்கள் இங்கே வந்ததற்கு முக்கியக் காரணமே இந்தக் கற்கள்தான்.

கற்கால மனிதர்களுக்கு இங்கே என்ன வேலை?

இரும்பு இல்லை, செம்பு இல்லை. வேட்டையாடிய விலங்கின் தோலைக் கிழிக்க, எலும்பை உடைக்க, கிழங்கைத் தோண்ட, மரத்தைச் செதுக்க கல்தான் ஒரே வழி. அதுவும் எல்லாக் கல்லும் உதவாது. தட்டினால் தூளாகாமல், கூர்மையான விளிம்போடு சில்லாகப் பிரிய வேண்டும். குவார்ட்சைட் அப்படிப் பிரியும்.

இந்த மலையில் கல் கிடைத்தது. பக்கத்தில் கொசஸ்தலை ஆறு, அதாவது கொற்றலையாறு. குடிக்கத் தண்ணீர், தண்ணீர் குடிக்க வரும் விலங்குகள், ஒதுங்க நிழல் எல்லாம் நடந்து போகும் தூரத்திலேயே இருந்தன.

1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி குடியத்தில் அகழாய்வு செய்தார். கீழ் மண் அடுக்கில் கைக்கோடரிக் காலக் கருவிகள், மேலே போகப் போக சிறிய நுண்கற்கருவிகள் எனக் காலம் மாறியது தெரிந்தது. ஆனா, கருவிகள் குவியல் குவியலாகக் கிடைக்கவில்லை. அதனால் இது ஆண்டு முழுக்க மக்கள் தங்கிய குடியிருப்பு இல்லை, அவ்வப்போது வந்து ஒதுங்கிய இடம் என்றே கருதப்படுகிறது. அவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் வெட்டவெளியில், ஆற்றோரத்தில்தான் நடந்தது. அதற்கான சாட்சி பக்கத்து ஊரில் கிடைத்தது.

பக்கத்து ஊர் அத்திரம்பாக்கத்தில் என்ன கிடைத்தது?

கதை பல்லாவரத்தில் தொடங்குகிறது. 1863 மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை மண் தோண்டிய இடத்தில் ஒரு கல்லைக் கவனித்தார். இயற்கையாக உடைந்த கல் இல்லை, மனிதன் செதுக்கிய கல் என்று அவருக்குப் புரிந்தது. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதை உலகத்துக்குச் சொன்ன கண்டுபிடிப்பு அதுதான்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப்படுகைக்கு வந்தார்கள். அத்திரம்பாக்கம் ஓடைக்கரையில் கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. குடியத்தின் ஒதுங்கிடங்களையும் ஃபூட் பதிவு செய்தார். இந்தப் பகுதியில் கிடைத்த கைக்கோடரிகளால்தான் பிற்காலத்தில் 'மெட்ராஸ் கற்கருவி மரபு' என்ற பெயரே தொல்லியல் புத்தகங்களில் ஏறியது. ஃபூட் சேகரித்த பொருட்களை 1904-ல் அன்றைய சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. இன்றைய எழும்பூர் மியூசியம்தான் அது.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1999 முதல் சாந்தி பப்பு தலைமையில் சர்மா பாரம்பரியக் கல்வி மையம் அத்திரம்பாக்கத்தில் விரிவாக அகழாய்வு நடத்தியது. அதன் முடிவுகள்தான் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன.

• 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு: அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். மிகக் குறைவாக வைத்துக் கணக்கிட்டாலும் 10.7 லட்சம் ஆண்டுகள்.

• 2018-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு: பெரிய கைக்கோடரியை விட்டுவிட்டு, நுட்பமான சிறு கருவிகள் செய்யும் முறை இங்கே சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதுவரை இந்தியாவுக்கு இந்த முறை சுமார் 1.25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் வந்தது என்று பலரும் நினைத்திருந்தார்கள்.

இந்தக் கருவிகளைச் செய்தது எந்த வகை மனித இனம் என்று சொல்ல எலும்புக்கூடு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. கையில் இருக்கும் ஒரே சாட்சி கல்தான். கல்லோடு அது கிடந்த மண் அடுக்கும் சேர்ந்தால்தான் சாட்சி முழுமையாகும்.

ஒரு கல்லின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

'கல்லைப் பார்த்து 15 லட்சம் வருஷம்னு எப்படிச் சொல்றாங்க?' இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். எளிமையாகப் புரிந்துகொள்ளலாம்.

முதல் முறை: விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் எப்போதும் பூமியைத் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. திறந்தவெளியில் கிடக்கும் குவார்ட்சைட்டுக்குள் இந்தக் கதிர்கள் பட்டு, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு வகை அணுக்கள் உருவாகும். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் படாது. அதன்பின் அந்த அணுக்கள் குறைந்துகொண்டே வரும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் குறையும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால், கல் புதைந்து எவ்வளவு காலம் ஆனது என்று கணக்குப் போடலாம்.

இரண்டாவது முறை: பூமியின் வடதுருவக் காந்தமும் தென்துருவக் காந்தமும் கடந்த காலத்தில் பலமுறை இடம் மாறியிருக்கின்றன. கடைசியாக மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். மண் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்தத் திசையிலேயே படியும். அத்திரம்பாக்கத்தின் கீழ் அடுக்கு மண்ணில் திசை இன்றைக்கு நேர் எதிராக இருந்தது. அப்படியென்றால் அது 7.8 லட்சம் ஆண்டுகளை விடப் பழையது.

மூன்றாவது முறை: 2018 ஆய்வில், மணல் துகள் மீது கடைசியாக எப்போது வெயில் பட்டது என்பதை அளக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள்.

மூன்று முறைகளுக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு. கருவி, அது புதைந்த அடுக்கிலேயே இருக்க வேண்டும். தோண்டி எடுத்து வீட்டு ஷோகேஸில் வைத்துவிட்டால் அது வெறும் கல். எந்த ஆய்வகத்தாலும் அதன் முழுக் கதையைத் திரும்பச் சொல்ல முடியாது.

அப்போ ஒரு கல்லைக் கூட எடுக்கக் கூடாதா?

கூடாது. 'இவ்வளவு கல் கிடக்குதே, ஒண்ணு எடுத்தா என்ன?' என்று தோன்றும். அங்கே போகும் ஒவ்வொருவருக்கும் அப்படித்தான் தோன்றும் என்பதுதான் பிரச்சினை. நன்றாகச் செதுக்கப்பட்ட, அழகான கருவிகள்தான் முதலில் கண்ணில் படும். அவைதான் முதலில் காணாமல் போகும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. காப்புக்காட்டிலிருந்து அனுமதி இல்லாமல் கல், மண், செடி எதை எடுத்தாலும் வனச்சட்டப்படி குற்றம். மனிதர்கள் செய்த, 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருட்கள் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அவற்றை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம்.

கருவி மாதிரி ஒரு கல்லைப் பார்த்தால் என்ன செய்வது?

முதலில் எப்படி அடையாளம் காண்பது என்று பார்க்கலாம். ஆற்றுக்கல் எல்லாப் பக்கமும் வழவழப்பாக இருக்கும். கருவியில், சில்லுகள் பெயர்ந்த குழிகள் வரிசையாகத் தெரியும். கைக்கோடரி என்றால் பெரும்பாலும் பாதாம் பருப்பு அல்லது கண்ணீர்த் துளி வடிவம். ஒரு முனை கூர்மை, ஒரு முனை அகலம், இரண்டு முகத்திலும் செதுக்கிய தடம்.

அப்படி ஒன்று கண்ணில் பட்டால்:

• தொடாமல், நகர்த்தாமல், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து போட்டோ எடுங்கள். அளவு தெரியும்.

• சுற்றியுள்ள இடம் தெரிவது போல இன்னொரு போட்டோ எடுங்கள்.

• செல்போன் மேப்பில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• பூண்டியில் உள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்தில் காட்டுங்கள்.

• சரியான இடத்தைச் சமூக வலைதளத்தில் லொகேஷனோடு போட வேண்டாம். அடுத்து வருகிறவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

நினைத்த நேரத்தில் கிளம்பிப் போகலாமா?

குடியம் குகைக்குப் போகும் வழி வனப்பகுதி. முன்பெல்லாம் பலர் தாங்களாகவே போய் வந்தார்கள். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில், மலையேற்றத்துக்குப் போனவர்கள் 23 பேர் உயிரிழந்தார்கள். அதன்பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. அனுமதியின்றிக் காட்டுக்குள் போவது தண்டனைக்குரியது.

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகள் இதில் சேர்க்கப்பட்டன. திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சேர்க்கப்பட்டது குடியம் குகைப் பாதை. ஆன்லைனில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட்டிக்கொண்டு போவார்கள். கட்டணம், நேரம், வயது வரம்பு ஆகியவை மாறலாம் என்பதால், கிளம்பும் முன் இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது. அல்லது திருவள்ளூர் வனத்துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வழிகாட்டி எதற்கு என்று கேட்கலாம். முள்காட்டில் ஆடு மாடு போகும் தடமும் குகைக்குப் போகும் தடமும் ஒரே மாதிரி இருக்கும். வழி தவறினால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வர வேண்டியதுதான். செல்போன் சிக்னலை நம்பவும் முடியாது. அந்தக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு எந்தப் பாறையில் தேன்கூடு இருக்கிறது, எந்த ஓடை எப்போது பெருகும் என்று தெரியும். உங்கள் கட்டணத்தில் அவர்களுக்கு வருமானம் கிடைத்தால், அந்த இடத்தைக் காப்பதற்கு ஊரிலேயே ஆள் இருப்பார்கள்.

எப்போது போகலாம்? எப்போது வேண்டாம்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நல்ல நேரம். மழை ஓய்ந்து, காடு பச்சையாக, வெயில் குறைவாக இருக்கும்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத்தீ அபாயக் காலம். இந்த நேரத்தில் தமிழகத்தில் மலையேற்றப் பாதைகளை மூடுவது வழக்கம். மே, ஜூனில் திருவள்ளூர் மாவட்டத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். முள்காட்டில் நிழல் குறைவு. மதிய நடை வேண்டவே வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது பூண்டி ஏரியிலிருந்து உபரிநீர் திறந்தால் கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். குகை வரை போக முடிந்தாலும் திரும்பி வர வழி இருக்காது. மழை எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

முக்கிய எச்சரிக்கை: தேனீ

குடியத்தில் பாம்பை விட அதிகம் கவனிக்க வேண்டியது தேனீக்களை. பாறைத் தாழ்வாரத்தின் மேல்பகுதியில் மலைத்தேனீக்கள் பெரிய பெரிய கூடு கட்டும். தொந்தரவு செய்யாதவரை பிரச்சினை இல்லை. கல் எறிவது, கத்துவது, ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவது, சிகரெட், அடுப்புப் புகை, கடுமையான வாசனை ஸ்பிரே இவையெல்லாம் அவற்றைக் கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் அந்த இடுக்கில் ஓடி ஒளிய இடம் குறைவு. தேனீ கொட்டினால் அலர்ஜி வரும் என்று தெரிந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்தப் பயணத்துக்குப் போக வேண்டாம்.

எப்படி போறது?

• சென்னையிலிருந்து ரயிலில்: சென்ட்ரல் - அரக்கோணம் புறநகர் ரயிலில் திருவள்ளூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து பூண்டி சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர். பஸ், ஷேர் ஆட்டோ கிடைக்கும். பூண்டிக்குப் பிறகு சீத்தஞ்சேரி பக்கம் போக சொந்த வண்டி இருந்தால் வசதி.

• சென்னையிலிருந்து சாலையில்: பூந்தமல்லி, திருவள்ளூர், பூண்டி வழியாகப் போகலாம். வடசென்னைக்காரர்கள் ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகவும் வரலாம்.

• கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள் ஊத்துக்கோட்டை வந்து, அங்கிருந்து பூண்டி சாலையைப் பிடிப்பது எளிது.

முன்பதிவு செய்தவர்கள், எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கூட வேண்டும் என்று வரும் தகவலைத்தான் பின்பற்ற வேண்டும்.

என்ன எடுத்துக்கொண்டு போகணும்?

• ஆளுக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர். வழியில் கடை இருக்காது.

• ஷூ, முழுக்கை சட்டை, முழு பேன்ட். முள் கிழிக்கும்.

• தொப்பி, முதலுதவிப் பொருட்கள், முழு சார்ஜ் போட்ட செல்போன்.

• குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை.

மதுபாட்டில், பட்டாசு, தீப்பெட்டி எதுவும் வேண்டாம். உடைந்த கண்ணாடி வெறும் காலோடு கோயிலுக்கு வருகிறவர்களைக் குத்தும். பாறையில் பெயர் எழுதுவதும் செதுக்குவதும் கூடவே கூடாது.

தடா அருவி மாதிரி இங்கே குளிக்க முடியுமா?

முடியாது. இரண்டும் வேறு வேறு. தடா அருவி என்று நாம் சொல்லும் உப்பலமடுகு, எல்லையைத் தாண்டி ஆந்திராவில், வரதய்யபாளையம் அருகே இருக்கிறது. அங்கே ஓடையும் ஆழமான மடுவும் உண்டு. நீரில் மூழ்கும் விபத்துகள் அடிக்கடி நடக்கும் இடமும் அதுதான். குடியத்தில் பார்க்க வேண்டியது பாறையும் காடும். தண்ணீரில் ஆட்டம் போட நினைத்தால் இது உங்களுக்கான இடம் இல்லை.

ஒரே நாளில் வேறு என்ன பார்க்கலாம்?

பூண்டியில் தமிழக அரசு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. 1985-ல் தொடங்கப்பட்டது. முடிந்தால் குடியத்துக்குப் போகும் முன் இங்கே போய்விடுங்கள். நல்ல கைக்கோடரியை ஒருமுறை கண்ணாடிப் பெட்டியில் பார்த்துவிட்டால், மலையில் கிடக்கும் கல்லை நீங்கள் பார்க்கும் விதமே மாறிவிடும். விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பூண்டி ஏரி. 1944-ல் கட்டப்பட்டது. சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் நினைவாக 'சத்தியமூர்த்தி சாகர்' என்று பெயர். கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி. 1996 முதல் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நீர் கால்வாய் வழியாக வந்து சேர்வதும் இந்த ஏரிக்குத்தான். கற்கால மனிதர்கள் தேடி வந்த அதே ஆற்றின் தண்ணீர்தான் இன்றைக்குச் சென்னையின் குழாய்களிலும் வருகிறது.

இந்த இடத்துக்கு இப்போது என்ன ஆபத்து?

ஃபூட் முதல் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரத்தை இன்று நினைத்துப் பாருங்கள். மேம்பாலம், அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்தச் சரளை மண் அடுக்கை இனி யாரும் தோண்டி ஆராய முடியாது. நகரம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அதே நகரம் இப்போது வடக்கிலும் மேற்கிலும் வளர்கிறது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் தொழிற்சாலை, குடோன், வீட்டுமனை, புதிய சாலைகள். வேலை கிடைக்கிறது, அது தேவையும்கூட. ஆனா சாலைக்கும் மனைக்கும் நிரப்ப வேண்டிய கிராவல் மண், இதே மாதிரி சரளை அடுக்குகளிலிருந்துதான் வர வேண்டும். கற்கருவிகள் புதைந்திருப்பதும் அப்படிப்பட்ட அடுக்குகளில்தான். கோயில், கோட்டை என்றால் இடிக்கும்போது யாராவது பார்த்துக் கேள்வி கேட்பார்கள். இங்கே இருப்பது கல்லும் மண்ணும். லாரியில் ஏறினால் யாருக்கும் தெரியாது.

அதனால்தான் மக்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாத இடத்துக்காக யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். அதே நேரத்தில், தெரிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கல்லோடு திரும்பினாலும் அங்கே எதுவும் மிஞ்சாது.

நினைவில் வைக்க வேண்டியவை

• முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு மட்டும் போங்கள்.

• காட்டுத்தீ காலம், கடும் வெயில், கனமழை நாட்களைத் தவிருங்கள்.

• குகைக்குக் கீழே சத்தம், புகை வேண்டாம்.

• கல்லை எடுக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். போட்டோ போதும்.

• கொண்டுபோன பிளாஸ்டிக்கை எல்லாம் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

உங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால், பாறைச் சுவரில் பதிந்திருக்கும் ஒரு உருண்டைக் கல்லைக் காட்டுங்கள். இதே மாதிரி ஒன்றை எடுத்துத்தான் ஒருவர் உட்கார்ந்து தட்டிச் செதுக்கினார் என்று சொல்லுங்கள். பிறகு, அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.